ஐப்பசியின் கடைசி இரவு

செம்மண் சீமை: வரலாற்றுத் தொடர் – 31

புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்குக் கடல் கிடையாது. தொண்டைமான்கள் ஆண்ட நிலத்துக்கு நாலாபுறமும் பிறர் மண்தான். கிழக்கே போய்க் கடலைப் பார்க்க வேண்டுமென்றால் தஞ்சாவூர் ஜில்லாவின் அறந்தாங்கி தாலுகாவைக் கடந்தாக வேண்டும். 1948 மார்ச் 3-இல் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்து திருச்சி மாவட்டத்தின் ஒரு பகுதியான கதையைச் சென்ற பகுதிகளில் பார்த்தோம். கடல் நமக்கு வந்து சேர்ந்தது அதற்கும் பிறகுதான். 1974 ஜனவரி 14, பொங்கலன்று புதுக்கோட்டை தனி மாவட்டமானபோது, அறந்தாங்கிப் பக்கமும் அதோடு வந்தது. வடக்கே கட்டுமாவடி தொடங்கி மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என்று தெற்கே முத்துக்குடா வரை சுமார் 42 கிலோமீட்டர் கரை. அதற்கு எதிரே பாக் நீரிணை, ஆழம் குறைந்த அமைதியான கடல்.

இதை எதற்கு மறுபடி சொல்கிறேன் என்றால், இந்த மாவட்டத்தின் பழைய நினைவில் புயலுக்கு இடமே இல்லை. இங்கே பஞ்சம் பேசுவார்கள். கண்மாய் நிறைந்த ஆண்டையும் வறண்ட ஆண்டையும் பேசுவார்கள். வானம் பார்த்த சீமைக்கு வேறு எது பேச இருக்கிறது? புயல் என்றால் நாகப்பட்டினம், கடலூர், தனுஷ்கோடி. ரேடியோவில் புயல் எச்சரிக்கை கேட்டால் ஆலங்குடிக்காரருக்கு அது மழை வரப்போகிற நல்ல செய்தி. நாகையில் கரை கடந்தால் நம் கண்மாய்க்கு நாலு நாள் தண்ணீர் என்று கணக்குப் போட்டுப் பழகிய ஊர்கள் இவை.

அந்தக் கணக்கு தப்பு என்று காற்று முன்பே ஒருமுறை காட்டியிருந்தது. 1977 நவம்பர் 12 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்குச் சற்றுத் தெற்கே ஒரு பெரும்புயல் கரையேறியது. கரையோடு அது அடங்கவில்லை. தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை ஆகிய மூன்று ஊர்களிலும் அன்று காலை மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசியதாக வானிலைப் பதிவுகள் சொல்கின்றன. 560 பேர் இறந்தார்கள். பத்து லட்சம் பேர் வீடிழந்தார்கள். புதுக்கோட்டை மாவட்டமாகி நான்கு ஆண்டுகூட நிறையாத நேரம் அது. எம்.ஜி.ஆர். முதலமைச்சராகி ஐந்து மாதம்கூட ஆகவில்லை.

இவ்வளவு பெரிய காற்றை நாம் எப்படி மறந்தோம்? ஒரு காரணம் வெளிப்படையானது. சரியாக ஒரு வாரத்தில், நவம்பர் 19 அன்று, ஆந்திரத்தின் திவிசீமையில் கடல் புகுந்து சுமார் பத்தாயிரம் பேரைக் கொண்டுபோனது. நாட்டின் கண் முழுவதும் அங்கே திரும்பிவிட்டது. அடுத்த ஆண்டு நவம்பர் 23-இல் ஈழத்தின் மட்டக்களப்பைச் சூறாவளி சிதைத்தது. தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். பெரிய துக்கங்களுக்கு நடுவே நம் துக்கம் சிறுத்துப்போயிற்று.

இன்னொரு காரணம் உண்டு. அதைத்தான் இந்தப் பகுதி முழுக்கச் சொல்லப்போகிறேன். 1977-இல் இந்த மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் காற்று சாய்ப்பதற்கு என்ன இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். நிலக்கடலை, வரகு, கேழ்வரகு, கண்மாய்ப் பாசனத்தில் நெல், வீட்டுக் கொல்லையில் நாலைந்து பலா, வரப்பில் பனை. கூரை போனது, மாடு செத்தது, மனிதர்களும் போனார்கள். அந்த இழப்பைக் குறைத்துச் சொல்ல நான் யார்? ஆனால் வயல் மட்டும் அடுத்த ஆடியில் மறுபடி உழவுக்கு வந்துவிட்டது. வரகு மூன்று நாலு மாதப் பயிர். அதை அழித்த காற்றை அடுத்த அறுவடை மறக்கடித்துவிடும்.

அதன்பின் வந்த நாற்பது ஆண்டுகளில் இந்த மண்ணே மாறியது. கமலை இறைத்த கிணறுகள் வற்ற வற்ற, மின்சாரத்தின் துணையோடு ஆழ்துளைக் கிணறுகள் வந்தன. ஊரில் யாரும் ஆழ்துளைக் கிணறு என்று சொல்ல மாட்டார்கள். ‘போர்’ என்றால் போதும். முதலில் 200 அடி, பிறகு 500 அடி, அதற்கும் கீழே. நகையை அடகு வைத்து, கடன் வாங்கி, மொய்ப் பணத்தைப் போட்டு இறக்கிய போர்கள். அந்தத் தண்ணீரை நம்பித் தென்னை வைத்தார்கள். வடகாடு, மாங்காடு, கொத்தமங்கலம், கீரமங்கலம், குளமங்கலம், சேந்தன்குடி, பனங்குளம், நெடுவாசல், புள்ளான்விடுதி என்று ஊர் ஊராகச் செம்மண் பச்சையாகியது. தென்னைக்கு ஊடே வாழை, பலா, மா, பாக்கு. மரத்தில் ஏறிய மிளகு. ஓரத்தில் மல்லிகை, முல்லை, காக்கரட்டான். விடிவதற்கு முன்பே கீரமங்கலம் பூச்சந்தைக்குச் சைக்கிளிலும் பைக்கிலும் பூ வந்து இறங்கும். 2017-இல் நெடுவாசல் மக்கள் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து மாதக்கணக்கில் உட்கார்ந்தபோது, தொலைக்காட்சியில் பார்த்த சென்னைக்காரர்கள் புதுக்கோட்டையில் இப்படியொரு சோலையா என்று வியந்தார்கள். வறண்ட மாவட்டம் என்ற பழைய பெயரை அந்த ஊர்கள் தங்கள் கையால் அழித்து எழுதியிருந்தன.

அங்கேயும் காற்று தெரியாததல்ல. சித்திரை வைகாசியில் நாலு நாள் வெயில் கொளுத்தினால், ஐந்தாம் நாள் சாயங்காலம் மேற்கே கருக்கும். முதலில் புழுதிக்காற்று, பின்னால் இடி, பிறகு மழை. சில ஆண்டுகளில் கூரைத் தகரத்தில் கல்லெறிந்தாற்போல ஆலங்கட்டி விழும். பிள்ளைகள் ஓடிப்போய்ப் பொறுக்கி வாயில் போட்டுக்கொள்வார்கள். சங்க இலக்கியம் ‘ஆலி’ என்று சொன்னது இதைத்தான். அப்படிப்பட்ட ஒரு மாலையில் குலை தள்ளிய வாழைகள் வரிசையாக முறிந்து விழும். வாழைக்காரருக்கு அந்த ஆண்டு போச்சு. தென்னை நிற்கும், பலா நிற்கும். கோடைக் காற்று அரைமணி நேரத்தில் போய்விடும். அதன் அகலமும் நாலைந்து ஊர்தான். தரை சூடேறிக் காற்று நேரே மேலெழுந்து, உயரத்தில் உறைநிலையைத் தாண்டும் மேகத்தில் பனிக்கட்டி உருண்டு வளர்ந்து விழுவது ஆலங்கட்டி. கடலில் பிறக்கும் புயலின் நடுப்பகுதி வெதுவெதுப்பானது. அங்கே பெரும்பாலும் ஆலங்கட்டி விழுவதில்லை. நம் ஆட்களுக்குத் தெரிந்த காற்று கோடைக் காற்று. அதற்கு அவர்கள் வைத்த அளவுகோல் வாழை. அந்த அளவுகோலோடுதான் 2018-இன் ஐப்பசிக்குள் நுழைந்தார்கள்.

அந்த ஆண்டுத் தீபாவளி நவம்பர் 6. பட்டாசுக் குப்பையைக் கூட்டி முடித்த வாரத்தில் தாய்லாந்து வளைகுடாப் பக்கம் உருவான ஒரு காற்றழுத்தத் தாழ்வு, மலாய்த் தீபகற்பத்தைத் தாண்டி அந்தமான் கடலுக்குள் வந்தது. நவம்பர் 11-இல் புயலாகி, ‘கஜா’ என்று பெயர் பெற்றது. வட இந்தியப் பெருங்கடல் நாடுகள் முறைவைத்துத் தரும் பெயர்ப்பட்டியலில் இலங்கை கொடுத்த பெயர் அது. யானை. வங்கக் கடலின் நடுவே அது தயங்கித் தயங்கி நின்றது, திரும்பியது, தென்மேற்காக இறங்கியது. முதலில் சென்னைப் பக்கம் என்றார்கள். பிறகு கடலூருக்கும் பாம்பனுக்கும் நடுவே என்றார்கள். வரும் வராது என்று செல்போனில் கேலிப்படங்கள் சுற்றின. நாள் தள்ளிப்போகப் போகப் பயமும் குறைந்தது.

கடற்கரையில் மட்டும் அப்படி இல்லை. மாநிலம் முழுதும் கடலோரத்திலும் தாழ்வான இடங்களிலும் இருந்த எண்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்களை முன்கூட்டியே முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் முன்னேற்பாட்டை எதிர்க்கட்சித் தலைவராக இருந்த மு.க. ஸ்டாலினே பாராட்டினார். மணமேல்குடியிலும் கோட்டைப்பட்டினத்திலும் படகுகளைக் கரையேற்றிக் கட்டினார்கள். அந்த எச்சரிக்கை பல உயிர்களைக் காத்தது. அதைச் செய்தவர்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் எச்சரிக்கை கடலைப் பார்த்தே நின்றது. கரையிலிருந்து முப்பது, நாற்பது கிலோமீட்டர் உள்ளே இருந்த வடகாட்டுக்காரரிடம் உன் தோப்பு போகப்போகிறது என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் தோப்பைத் தூக்கி முகாமில் வைக்க முடியாது. ஆனாலும் ஓட்டுவீட்டில் படுத்தவர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போயிருப்பார்கள். ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கி வைத்திருப்பார்கள். மேல்நிலைத் தொட்டியை நிரப்பியிருப்பார்கள்.

நவம்பர் 15, வியாழக்கிழமை. விடிந்தால் ஐப்பசியின் கடைசி நாள், கடைமுகம். அன்றைக்கு அடுத்த நாள் கார்த்திகை முதல் தேதி. மாலை போடக் காத்திருந்த சாமிகள் எத்தனையோ பேர். நள்ளிரவு தாண்டி பன்னிரண்டரை மணிக்கும் இரண்டரை மணிக்கும் இடையில், நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா கரையேறியது. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேலான வேகம். கோடியக்கரைச் சரணாலயத்தில் மான்கள் கூட்டமாக மடிந்தன. வேதாரண்யம், தலைஞாயிறு, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், பட்டுக்கோட்டை, பேராவூரணி. அதற்கு அடுத்து நாம்.

பொதுவாகக் கரையேறிய புயல் தன் தீனியான வெதுவெதுப்பான கடல்நீரை இழந்து இரண்டு மூன்று மணி நேரத்தில் தளர வேண்டும். கஜா மெதுவாகத்தான் தளர்ந்தது. வேகமாக நகர்ந்துகொண்டிருந்த புயல் அது. வழியில் நீர் நின்ற டெல்டா வயல்கள், தெற்கே கைக்கெட்டும் தூரத்தில் பாக் நீரிணை. எதிரே தடுக்கப் பெரிய மலை எதுவும் இல்லாத சமவெளி. மேற்கே மலைகள் வரும்வரை அதற்கு முன்னால் நின்றவை நம் மரங்கள்தான். மாவட்டத்தைக் குறுக்கே கடந்து, திண்டுக்கல் பக்கம் போய், மலையையும் கேரளத்தையும் தாண்டி அன்றிரவே அரபிக் கடலில் இறங்கியது.

அந்த இரவின் காற்றைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் திசையைத்தான் முதலில் சொல்வார்கள். வங்கக் கடல் புயலில் காற்று இடஞ்சுழியாகச் சுற்றும். புயலின் மையம் கிழக்கிலிருந்து நேரே நம்மை நோக்கி வந்தால், நமக்கு முதலில் கிடைப்பது வடகாற்று. மையம் தலைக்கு மேலே வரும்போது கொஞ்ச நேரம் ஓய்வு. மையம் மேற்கே கடந்ததும் காற்று தெற்கிலிருந்து திருப்பி அடிக்கும். பாதையை ஒட்டிய ஊர்களில் நடந்தது இதுவே. பின்னிரவில் வடக்கேயிருந்து வந்த காற்று மரங்களைத் தெற்குப் பக்கமாகச் சாய்த்து வேரை இளக்கிவைத்தது. சற்று அடங்கியபோது, முடிந்தது என்று கதவைத் திறந்து வெளியே வந்தவர்கள் உண்டு. அதற்குப் பிறகு வந்த தென்காற்று, இளகி நின்ற மரத்தை எதிர்ப்பக்கம் திருகிப் பிடுங்கியது. ஒரே திசையில் அடித்திருந்தால் பாதி மரம் தப்பியிருக்கும் என்று இன்றும் தோப்புக்காரர்கள் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

காற்றின் வேகம் இருமடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். கோடைக் காற்றில் வாழையை மட்டும் இழந்து பழகிய ஊர், இந்தக் கணக்கை ஒரே இரவில் கற்றுக்கொண்டது.

தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. அடித்தூரிலிருந்து ஆயிரக்கணக்கான சல்லிவேர்கள் பக்கவாட்டில் ஓடும். உச்சியில் முப்பது நாற்பது மட்டைகளும் குலைகளும் சேர்ந்த பெரிய சுமை, அதைத் தாங்குவது ஒல்லியான நெடிய தண்டு. மழையில் ஊறிய மண்ணில் இந்தச் சுமையை மணிக்கணக்காக ஆட்டினால் தூரோடு பெயர்ந்துவிடும். பெயராதது இடுப்பில் முறியும். முறியாமல் நின்றதிலும் ஒரு ஏமாற்றம் இருந்தது. தென்னைக்கு உயிர் ஒரே இடத்தில், குருத்தில். காற்று குருத்தைத் திருகியிருந்தால் மரம் நிற்கும், மாதங்கள் கழித்துப் பட்டுப்போகும். கஜாவுக்கு அடுத்த தை, மாசியில் தப்பித்தது என்று எண்ணிய மரங்கள் ஒவ்வொன்றாகத் தலை கவிழ்ந்ததைப் பார்த்தவர்கள் இரண்டாம் முறை அழுதார்கள். இதே காற்றில் வரப்புப் பனைகள் பெரும்பாலும் அசையாமல் நின்றன. யாரும் தண்ணீர் ஊற்றி வளர்க்காத மரம் அது.

விடிந்தபோது ஊருக்குள் வெளிச்சம் அதிகமாக இருந்தது. அந்த வெளிச்சத்தை வைத்துத்தான் பலருக்கு இழப்பே புரிந்தது. பட்டப்பகலிலும் நிழல் படுத்திருந்த வீதிகளில் வானம் திறந்து கிடந்தது. வீட்டு வாசலிலிருந்து அடுத்த ஊர்க் கோபுரம் தெரிந்தது. நூறாண்டுப் பலாக்களும் ஆலமரங்களும் வேரை வானுக்குக் காட்டிப் படுத்திருந்தன. சாலை எது, தோப்பு எது என்று பிரிக்க முடியவில்லை. வெளியூரிலிருந்து யாரும் வருமுன் ஊர் இளைஞர்களே அரிவாளும் மரம் அறுக்கும் மெஷினுமாக இறங்கி வழி வெட்டினார்கள். ஒரு கிலோமீட்டர் திறக்க அரைநாள் ஆன சாலைகள் உண்டு.

அன்று மாலைக்குள் வேறொரு உண்மை தலைதூக்கியது. தண்ணீர் இல்லை. மழை பெய்து ஊரே நனைந்திருக்கிறது, குடிக்கத் தண்ணீர் இல்லை. கிணறுகள் வற்றி மூடிப்போய்ப் பல காலம் ஆகிவிட்டது. தண்ணீர் முழுக்க போருக்குள், பல நூறு அடி ஆழத்தில். அதை மேலே கொண்டுவர மின்சாரம் வேண்டும். புயல் பாதித்த மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்திருந்தன. வாடகை ஜெனரேட்டரை டிராக்டரில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய், தெருவுக்குத் தெரு முறைவைத்து மோட்டார் ஓட்டிக் குடங்களை நிரப்பினார்கள். ஜெனரேட்டர் வாடகை ஏறியது, மெழுகுவர்த்தி விலை ஏறியது. சோலையை உண்டாக்கிய அதே போர், தாகத்தின் முன்னால் ஊமையாக நின்றது. 1977-ஐப் பார்த்த பெரியவர்களுக்கு இந்தத் துன்பம் புதியது. அப்போது கூரை பறந்த வீட்டிலும் வாளியைக் கிணற்றில் விட்டால் தண்ணீர் வந்தது.

கோபம் எங்கே வெடித்தது என்று வரலாறு எழுதுகிறவன் மறைக்கக் கூடாது. நவம்பர் 17 அன்று கொத்தமங்கலத்தில் தண்ணீரும் மின்சாரமும் கேட்டு நடந்த மறியலில் அரசு வாகனங்கள் கொளுத்தப்பட்டன. அன்றிரவே கைதுகள் நடந்தன. தோப்பை இழந்த கையோடு வழக்கையும் சுமந்த குடும்பங்கள் அங்கே உண்டு. வண்டியைக் கொளுத்தியது தவறு. ஆனால் இரண்டு நாள் குடிநீரில்லாமல் கிடந்த ஊருக்கு முதலில் போய்ச் சேர வேண்டியது தண்ணீர் லாரி.

மின்கம்பம் நட வந்தவர்களைப் பற்றித் தனியாகவே ஒரு பகுதி எழுதலாம். தமிழகத்தின் மற்ற மாவட்டங்களிலிருந்தும், கேரளம், ஆந்திரம், கர்நாடகத்திலிருந்தும் மின் ஊழியர்கள் வந்தார்கள். சேற்று வயலில் கிரேன் போகாது. கம்பத்தைத் தோளில் சுமந்து, இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து, கையால் குழி தோண்டி நட்டார்கள். பள்ளிக்கூடத்தில் படுத்து, ஊரார் ஆக்கிப் போட்டதைச் சாப்பிட்டார்கள். கூரை போன வீட்டிலிருந்தும் அவர்களுக்குச் சாப்பாடு போயிற்று. வெள்ளத்தில் கேரளம் மூழ்கியது அதே ஆண்டு ஆகஸ்டில். இங்கிருந்து அரிசி மூட்டைகள் போயிருந்தன. மூன்று மாதத்தில் அங்கிருந்து ஆள் வந்தார்கள். சில உள்கிராமங்களில் விளக்கு எரிய ஒரு மாதம்வரை ஆனது. முதல் தெருவிளக்கு எரிந்த இரவில் கம்பத்தடியில் கூடி நின்று கும்பிட்ட ஊர்கள் உண்டு.

அரசுக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இறந்தவர்கள் 63 பேர். முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி 1,000 கோடி ரூபாய் நிவாரணம் அறிவித்தார். நவம்பர் 22-இல் பிரதமரைச் சந்தித்துச் சுமார் 15,000 கோடி கேட்டார். மத்தியக் குழு வந்து பார்த்துப் போனது. டிசம்பர் 31-இல் மத்திய அரசு ஒதுக்கியது 1,146 கோடி. கேட்டதில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லை.

தென்னைக்கு மட்டும் கணக்கைச் சற்று விரித்துப் பார்க்க வேண்டும். விழுந்த மரத்துக்கு 600 ரூபாய், அதை வெட்டி அப்புறப்படுத்த 500, ஆக 1,100. ஒரு ஹெக்டேருக்கு 175 மரம் என்று வைத்து 1,92,500 ரூபாய். காகிதத்தில் பார்த்தால் தொகை பெரிதாகத்தான் தெரியும். நன்றாகப் பார்த்துக்கொண்ட நெட்டை மரம் ஆண்டுக்குச் சுமார் நூறு காய் காய்க்கும். 1,100 என்பது ஏறக்குறைய அதன் ஓராண்டு வருமானம். மரமோ அறுபது, எழுபது ஆண்டு காய்க்கக்கூடியது. புதிதாக வைத்தால் பாளை விட ஆறேழு ஆண்டு. அதுவரை அந்த நிலம் என்ன தரும், அந்த வீடு எதைச் சாப்பிடும், மகளின் படிப்புக்கு எதை அடகு வைப்பது என்பதற்கெல்லாம் அந்தக் கணக்கில் பத்தி இல்லை. மரம் நின்றால்தான் சொத்து. விழுந்துவிட்டால் அதை அகற்றவே ஜேசிபிக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுக்க வேண்டும். அறுத்த தண்டைச் செங்கல் சூளைக்குக் கேட்ட விலைக்குத் தள்ளினார்கள். எத்தனையோ தோப்புகளில் தூரை எடுக்கப் பணமில்லாமல் அது அப்படியே மட்கிற்று.

குத்தகைக்காரர், மரமேறி, தேங்காய் உரிப்பவர், கீற்று முடையும் பெண்கள், பூப்பறிக்கப் போனவர்கள் ஆகியோருக்கு இந்த 1,100-லும் பங்கில்லை. மரம் அவர்களுடைய பெயரில் இல்லையே. காலையில் இரண்டு மணி நேரம் பூப்பறித்துப் பிள்ளைகளின் செலவைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் அந்தத் தையில் திருப்பூருக்குப் பஸ் ஏறினார்கள். கஜாவின் சாவுக் கணக்கைவிட, இப்படி ஊரைவிட்டுப் போனவர்களின் கணக்கை யாராவது எடுத்திருக்க வேண்டும். எடுக்காமல் விட்டது பெரிய குறை.

அந்த இழப்பு ஊரின் இன்னொரு கணக்கில் பதிவானது. பேராவூரணி, வடகாடு, கீரமங்கலம் வட்டாரத்தின் மொய்விருந்தைப் பற்றி 24-ஆம் பகுதியில் எழுதியிருந்தேன். ஆடி பிறந்தால் பந்தல், கறிச்சோறு, வாசலில் மொய் நோட்டு. பத்துப் பேர் சேர்ந்துகூட ஒரே பந்தலில் விருந்து வைப்பார்கள். வாங்கிய மொய்யை ஐந்தாண்டுச் சுழற்சியில் கூட்டிப் போட்டுத் திருப்பிச் செய்வது முறை. வட்டியில்லாத ஊர் வங்கி அது. போர் இறக்கியதும் தென்னை வைத்ததும் பாதி அந்தப் பணத்தில்தான். 2019 ஆடியில் பந்தல்கள் போட்டார்கள், ஆனால் மொய் சுருங்கியது. செய்ய வேண்டிய கடமை நோட்டில் இருக்கிறது, கையில் காசில்லை. பத்தாயிரம் செய்ய வேண்டியவர் இரண்டாயிரத்தைக் கவரில் வைத்துக்கொண்டு பந்தலுக்குள் நுழையும்போது படும் கூச்சம் எந்தச் சேதக் கணக்கெடுப்பிலும் வராது. சிலர் நுழையாமலே நின்றுவிட்டார்கள். அடுத்த ஆடிக்குக் கொரோனா வந்து பந்தலையே நிறுத்தியது.

இன்னொன்றும் நடந்தது. 2019 கோடையில் இந்தப் பக்கத்து இளைஞர்கள் குளங்களைத் தூர்வார இறங்கினார்கள். பக்கத்துத் தஞ்சை மாவட்டத்தின் பேராவூரணியில் ‘கைஃபா’ என்ற கடைமடைப் பகுதி ஒருங்கிணைந்த விவசாயிகள் சங்கம் பெரிய ஏரியில் வேலையைத் தொடங்கியது. நம் ஆலங்குடி வட்டாரத்திலும் ஊர்ப் பணத்தையும் வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் அனுப்பிய பணத்தையும் போட்டு ஜேசிபி பிடித்தார்கள். சமஸ்தானத்து மனிதர்கள் இந்த வேலையை ஒரு கடமையாகச் செய்தார்கள். போர் வந்தபிறகு நாம் அதை விட்டிருந்தோம். புயலுக்கும் குளத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்று தோன்றலாம். மழை பெய்த மறுநாள் குடிநீருக்கு அலைந்தவர்களுக்குத் தொடர்பு நன்றாகவே தெரிந்திருந்தது. அவர்கள் கண்மாயைத் தேடிப் போனது அந்த நவம்பரின் காலிக் குடங்களிலிருந்துதான்.

புதுத் தென்னை வைத்தவர்கள் இந்தமுறை குழியை ஆழமாக வெட்டினார்கள். தோப்பு ஓரத்தில் காற்றுக்கு வேலியாகப் பனங்கொட்டை ஊன்றியவர்கள் உண்டு. தென்னையே வேண்டாம் என்று நிலக்கடலைக்கும் சோளத்துக்கும் திரும்பியவர்களும் உண்டு. ஆண்டு சொல்வதற்கு இப்போது ஊரில் ஒரு வசதி வந்திருக்கிறது. கல்யாணமா, வீடு கட்டியதா, எதுவானாலும் கஜாவுக்கு முந்தியா பிந்தியா என்றுதான் கேட்கிறார்கள். 1977-க்கு அப்படி ஒரு பெயர் இருந்ததில்லை. அப்போது நம் கடல் புயல்களுக்குப் பெயர் வைக்கும் வழக்கமும் கிடையாது.

கீரமங்கலத்திலிருந்து வடகாடு போகும் வழியில், இளந்தென்னைகளுக்கு நடுவே தப்பிப் பிழைத்த பழைய மரங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கின்றன. அவற்றைக் கவனித்துப் பார்க்க வேண்டும். காற்றில் சாய்ந்தும் வேர் பெயராமல் நின்ற மரங்கள் அவை. தண்டு நிமிராது, தென்னை நுனியில் மட்டுமே வளரும். சாய்ந்த தலை வெளிச்சத்தைத் தேடி மெல்ல மேல்நோக்கித் திரும்பியதால், தண்டின் நடுவில் ஒரு வளைவு விழுந்திருக்கிறது. தரையிலிருந்து அந்த வளைவு வரைக்கும் கஜாவுக்கு முந்தி. அதற்குமேல் உள்ள ஏழெட்டு அடி, பிந்தி. அந்த மரங்களிலும் இப்போது மறுபடி குலை தொங்குகிறது. வளைவுக்கு மேலே காலை வைக்க இடம் பார்த்து, மரமேறிகள் கொஞ்சம் நிதானமாக ஏறுகிறார்கள்.

(தொடரும்)